பிரிண்டர் வந்ததிலிருந்து அப்பா பேசவில்லை

ஹலோ... ஹலோ, கேக்குதா? ... ஆங், அக்காதான்டா. அப்பா கம்ப்யூட்டர் மறுபடியும் போச்சு. ... அதேதான். ஸ்கிரீன் முழுக்க நீலம், நடுவுல வெள்ளையில என்னமோ எழுத்து. படிக்கறதுக்குள்ள அணைஞ்சு, தானா திரும்ப ஆன் ஆகுது. ... ஆமா. ... ஆமாம்டா, ஆன் ஆனதும் நல்லாத்தான் இருக்கும். அப்பா உக்காந்து ஒரு வரி அடிக்கறதுக்குள்ள மறுபடி புட்டுக்கும்.

... நான் எதையும் அமுக்கல. ... இல்ல, வைரஸும் இல்ல, எந்த லிங்க்கையும் திறக்கல. ... இங்க பாரு, ஆபரேஷன் பண்ணி அப்பா தொண்டையில குரல் பெட்டிய எடுத்துட்டு அனுப்பின நாளா, அந்தக் கம்ப்யூட்டர்ல அப்பா தான் பேச நினைச்சதைத் தவிர வேற எதையும் அடிச்சதில்ல. அவர் அடிப்பாரு, அது சத்தமா வாசிக்கும். ஒழுங்காத்தான் போயிட்டிருந்துச்சு. நீ பிரிண்டரை அனுப்பி வெச்ச, அங்கேர்ந்தே உள்ள பூந்து சாஃப்ட்வேரைப் போட்டுவிட்ட. அன்னிக்குப் பிடிச்ச சனியன்.

... குத்திக் காட்டல, நடந்ததைச் சொல்றேன். ... ஆமா, ஆமா. நல்ல எண்ணத்துலதான் அனுப்பின. நீ அங்க அமுக்கினா பேரன் போட்டோ இங்க தாத்தா கையில வந்து விழும்னு சொன்ன. விழுந்துச்சு, இல்லேங்கல. சுவத்துல ஒட்டி வெச்சிருக்காரு. ஆனா அதைப் பாத்து அவர் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமப் பண்ணிட்டியேடா.

... பேப்பர்ல எழுதறதா? எந்தக் கையாலடா? ... அந்தக் கை நடுங்கறதை நீயே வீடியோவுல பாத்தியே. பேனா பிடிச்சா கோழி கிண்டின மாதிரி இருக்கு. ஒத்த விரல்ல பெரிய கீபோர்டைத் தட்டத்தான் முடியும். ... ஃபோன்ல இருக்கற பொடி எழுத்தெல்லாம் அவருக்கு ஆகாது. ... கடைக்காரரா? வந்தாரு, பாத்தாரு. எல்லாம் போச்சு, புதுசா வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நேத்து என்னாச்சு தெரியுமா உனக்கு? ... எப்படித் தெரியும், நான் சொன்னாத்தானே! மத்தியானம் மூச்சு விடறதுக்குத் தொண்டையில வெச்சிருக்கற குழாயில சளி அடைச்சுக்கிச்சு. தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டறாரு. தண்ணி வேணுமான்னு கேக்கறேன், இல்லேங்கறாரு. வலிக்குதான்னு கேக்கறேன், இல்லேங்கறாரு. எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து 'குழா' வரைக்கும் அடிச்சாரு. நீலம். ... ஆமா. ... மேஜையைக் குத்தினாருடா. உதடெல்லாம் கறுத்துப் போச்சு. அப்புறந்தான் எனக்கு உறைச்சுது. ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டிக் குடுத்த மாதிரி சளியை எடுத்துவிட்டேன். ... இப்ப பரவாயில்ல. ... பரவாயில்லைன்னு சொல்றேன்ல. நீ பதறாத, பதறி என்ன பண்ணப்போற அங்க உக்காந்துக்கிட்டு.

... சரி. சொல்லு, என்ன பண்ணணும்? ... பிரிண்டர் கேபிளைப் புடுங்கணும். ... புடுங்கிட்டேன். ... ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட்டா? இரு, ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கறேன். ... ம். ... ம். ஏதேதோ கேக்குது. ... எந்த நம்பர்? நாலு. ... ஆங், மூலைக்கு மூலை சேஃப் மோடுன்னு போட்டிருக்கு. எழுத்தெல்லாம் பெருசு பெருசா, பாக்கவே சகிக்கல. ... நிக்குது. ... நிக்குதுடா, இன்னும் போகல.

... என்ன சொன்ன? திரும்பச் சொல்லு. ... இந்த மோடுல பிரிண்டர் சாஃப்ட்வேர் ஓடாது, அதான் நிக்குது. ... அப்ப அதுதான் காரணம். நீ போட்டதுதான். ... இல்ல, உன் வாயால கேக்கணும்போல இருந்துச்சு. அக்கா எதையோ அமுக்கிக் கெடுத்துட்டான்னு உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியாமே. அவளே சொன்னா என்கிட்ட.

... சரி, விடு. அடுத்தது? ... அந்தக் கம்பெனி பேரா? ஒண்ணா ரெண்டா, குடும்பமே குடியேறியிருக்கு இங்க. பிரிண்டர்னு ஒண்ணு, ஸ்கேனர்னு ஒண்ணு, மை இருக்கான்னு எட்டிப் பாக்கறதுக்கு ஒண்ணு... ... எல்லாத்தையுமா? ... தூக்கிட்டேன். ... அதையும் தூக்கிட்டேன். ... 'நிச்சயமா நீக்கணுமா'ன்னு கேக்குது. நீக்கறதுக்கு இத்தனை தடவை கேக்குது பாரு, போடும்போது எங்களை யாரு கேட்டா? ... சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வரல.

... ரீஸ்டார்ட் ஆகுது. ... ம். ... ஏன்டா, எப்ப வர்ற? ... சும்மாதான் கேட்டேன். ... சரி. ... சரி, லீவு கிடைக்காது. ... போன தடவையும் இதையேதான் சொன்ன. ... நான் ஒண்ணும் சொல்லலப்பா, விடு.

வந்துருச்சு! ... பழைய மாதிரியே வந்துருச்சு. வாசிக்கறதைத் திறந்துட்டேன். ... நிக்குது. ... இன்னும் நிக்குதுடா! அப்பா! அப்பா, வாங்க, சரியாயிடுச்சு! தம்பிதான் சரி பண்ணினான், லைன்லதான் இருக்கான்! ... இரு, வெச்சுடாத, வர்றாரு. ... உக்காந்துட்டாரு. உனக்குத்தான் அடிக்கறாரு, என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிக் கை காட்டறாரு. ... மெதுவாத்தான் வரும்டா, ஒத்த விரல். முழுசா அடிச்சு முடிச்சாத்தான் வாசிக்கும். ஸ்பீக்கர்கிட்ட ஃபோனைப் பிடிக்கறேன், கேளு. ... மீட்டிங்கா? ... இப்பவேவா? ரெண்டு நிமிஷம்டா. ... ஆரம்பிச்சா ஆரம்பிச்சுட்டுப் போகுது, அப்பா பேசி எத்தனை நாளாச்சு... ... 'உனக்கு உடம்பு'ங்கற வரைக்கும் அடிச்சிருக்காரு, இருடா, இன்னும் ஒரு வார்த்தைதான்... இரு... ஹலோ? ... ஹலோ?

...

இல்லப்பா, அவன் வெக்கல. சிக்னல் போயிடுச்சு. ... நீங்க அடிங்க. அடிச்சு முடிங்க, நான் அவனுக்கு அனுப்பி வெக்கறேன். ... அப்பா? ... ஏம்ப்பா அழிக்கறீங்க?