சந்தனத்தின் முட்டைக் குழம்பை மீட்ட செல்வலட்சுமி அம்மையாருக்கு

கிருமிகளின் குலமும் கொடிவழியும் கூறுபவரே! கோழிக்கறியில் குடியிருக்கும் கொடியவற்றின் மரபணுவை எழுத்தெழுத்தாய் வாசித்து, எது எந்த ஊர்க் கிருமிக்குப் பங்காளி, எது எந்த மருந்துக்கும் மசியாதது என்று மறைக்காமல் மொழிபவரே! வடகரப்பதி வளர்த்தெடுத்து, கஞ்சிக்கோடு கவர்ந்துகொண்ட கல்விச் செல்வமே! எங்கள் எல்லை வட்டார உணவுக் கிருமி ஆய்வகத்தின் துணை இயக்குநராய் இன்று பணி நிறைக்கும் செல்வலட்சுமி அம்மையாரே! வணக்கம்.

புகழை நேரே சொன்னால், "போதுமுங்க, அடுத்த ஆளு பேசட்டும்" என்று தாங்கள் மைக்கைப் பிடுங்கிவிடும் அபாயம் இருப்பதால், இனி அவையோரிடமே சொல்கிறோம்.

அம்மையாரின் பொறுமை கடலினும் பெரிது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவரோடு வேலை பார்த்தவர்கள் கையொப்பமிட வேண்டிய மடல் இது. எனவே, அவர் அறிவு பெரிது, அதனினும் பெரிது அவர் குரல் என்று எழுதி அமைகிறோம்.

சென்ற ஆண்டு, தொழிற்பேட்டை வாசலில் மெஸ் நடத்தும் சந்தனம் அக்காவின் முட்டைக் குழம்பில், எந்த மருந்துக்கும் அடங்காத சால்மோனெல்லா இருப்பதாக நம் ஆய்வகம் கண்டறிந்தது. மெஸ்ஸுக்குச் சீல் விழுந்தது. மலைமேல் ஆனைக்கரையில் ஓர் ஏலக்காய்த் தோட்டக் கேன்டீனின் கோழிக்கறியிலும் அதே கிருமி! இன்று இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் நம் இயக்குநர் ராஜசேகர் அவர்கள் அகமகிழ்ந்து பத்திரிகையாளர்களை அழைத்தார். பேனரும் வந்தது. அதில் அவர் படம் பெரிதாகவும் கிருமியின் படம் அடக்கமாகவும் இருந்தன.

பத்திரிகையாளர்கள் கூடவிருந்த நாள் காலை சந்தனம் அக்கா அம்மையாரை வாசலிலேயே மறித்தார்.

"ஏனுங்க மேடம், என்ற கொழம்பத் தின்னு ஒருத்தனுக்காச்சும் வகுறு வலிச்சுதுங்களா? பேப்பர்ல பேரு வந்துட்டா, அப்பறம் சீலை எடுத்தாலும் எவனுங்க வருவான்?"

கேட்ட கேள்வியை அப்படியே விடுவது அம்மையாருக்குப் பழக்கமில்லை. மாடியேறி இரு கிருமிகளின் மரபணுவையும் கணினியில் விரித்தார். ஆனைக்கரைக்காரரான நம் டெக்னீஷியன் ஜின்சன் பூரித்துப் போனார்.

"பாத்தீங்களா மேடம், எங்கூர்க் கிருமிக்கும் இங்கன உள்ளதுக்கும் ஒரு எழுத்துகூட மாறல. ரெட்டப் பிள்ளைககூட இம்புட்டு ஒத்துப்போகாது!"

அம்மையாரின் முகம் சுண்டியது. மலையில் ஒன்றும் சமவெளியில் ஒன்றுமாய்ப் பெருகும் கிருமிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் எழுத்து மாறியே தீரும். மாறாமலே கிடப்பதென்றால் அது உறைபெட்டியில் கிடக்கும் கிருமி. சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க நாமே வளர்த்து வைத்திருக்கும் 'கன்ட்ரோல்' கிருமியின் மரபணுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் அதுவேதான்!

வந்த வழியும் விளங்கிற்று. கன்ட்ரோல் குழாயைக் கடைசியில் திறக்க வேண்டும் என்பது அம்மையாரின் பழைய சண்டை. "கன்ட்ரோல்தான் நமக்குப் பிள்ளையார் சுழி, அது மொதல்ல" என்பது இயக்குநரின் ஆணை. ஆணைப்படி அதை முதலில் திறந்து, அதே கையுறையோடு மற்றக் குழாய்களையும் திறக்க, கிருமி வரிசையாக எல்லார் வீட்டுக்கும் விருந்துக்குப் போயிருந்தது.

கீழே பத்திரிகையாளர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அம்மையாரைத் தனியே அழைத்தார்.

"இப்பச் சொன்னா லேபோட மானம் என்ன ஆகறது மேடம்? பொறகு மெதுவாத் திருத்திக்கலாம். ஆய்வுக் கட்டுரையில மொதப் பேரு உங்களுதுதான்."

"நம்ம மெதுவாத் திருத்தறதுக்குள்ள அந்தம்மா கடை போயிருமுங்க சார்."

சொன்னவர் நேரே மைக்கைப் பிடித்தார். "இந்தக் கிருமி எந்தக் கடையிலயும் இல்லீங்க. எங்க பிரிட்ஜுல இருக்குது. ஆதார் எடுத்தா எங்க லேப் விலாசந்தான் வரும்."

அரங்கம் சிரித்தது. இயக்குநரும் சிரித்தார், கடைசியாக என்றாலும்.

புதிதாக மாதிரி எடுத்து, கன்ட்ரோலைக் கடைசியில் திறந்து மறுபடி சோதித்தோம். சந்தனம் அக்காவின் குழம்பில் ஒன்றுமில்லை. ஆனைக்கரைக் கறியில் சால்மோனெல்லா இருந்தது உண்மைதான். ஆனால் மருந்துக்கு அடங்கும் சாது. அந்தக் கேன்டீன் வெட்டுப்பலகையை மாற்றிக்கொண்டது.

சீலை அகற்றும் உத்தரவை அம்மையாரே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பு யாருக்கு வேணுமுங்க? ரோட்டப் பாத்த பெஞ்சுல உக்காந்து, ஷிப்டு முடிஞ்சு வர்றவீக பாக்கறாப்பல தின்னுட்டுப் போங்க. உங்க சாரையும் கூட்டிட்டு வாங்க."

இருவரும் அமர்ந்தார்கள். ஆலைச் சங்கு ஊதியது. கூட்டம் நின்றது, பார்த்தது, தயங்கியது. இயக்குநர் தட்டை நீட்டி, "இன்னொரு முட்டை வையுங்க" என்றார். அவர் ஆற்றிய உரைகளிலெல்லாம் சிறந்தது அதுவே. அதன்பின் பின்னால் வந்த எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

அம்மையாரே! நோயே அண்டாத நூறாண்டை வாழ்த்துவது மடல்களின் வழக்கம். கிருமியைப் படித்தவர்கள் அப்படியொரு பொய்யைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்கலாகாது. ஆகவே, உள்ளதைச் சொல்லி வாழ்த்துகிறோம்: நெடுநாள் வாழ்க! நன்றாக உண்க, நன்றாக உறங்குக! நோய் எப்போதேனும் வந்தே தீருமென்றால், முதல் மாத்திரையைக் கண்டதுமே மூட்டை கட்டும் நோயாக வருக!

கஞ்சிக்கோடு

இங்ஙனம்,
வாசித்துப் பார்த்த பின்னும் கையொப்பமிட்ட இயக்குநரும்,
ஆய்வகப் பணியாளர் அனைவரும்