கூப்பிட்டால் வந்திருப்பேன்

சார், உங்கள் மின்விசிறி சத்தம் போடுவதற்கு இறக்கை காரணமில்லை. மேலே கொக்கியில் இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு ஸ்டூல் கொடுத்தால் நானே சரிசெய்துவிடுவேன். வேண்டாமா? சரி, விடுங்கள். பழுது ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பிறவிக் குணம்.

என் தொழில் பல் செட் கட்டுவது. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் என் அறையில் உட்கார்ந்து பல்லை வடிப்பேன். அது யார் வாய்க்குள் போகிறது என்று எனக்குத் தெரியாது, செய்தவன் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. நாள் முழுக்கப் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது. அதனால்தான் அந்தக் கார்மேல் எனக்கு இத்தனை பிடிப்பு என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன்.

காரை வாங்கியது நானும் அவனும் சேர்ந்து. அவன் என்றால் என் தங்கச்சி புருஷன். வாங்கிய காலத்தில் உறவு கிடையாது, வெறும் கூட்டாளிதான். ஆனாலும் அப்போதே மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்களைவிட மூத்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். ஏறும்போது கும்பிடு போடுகிற மாதிரி குனிய வேண்டும். செம்மண் நிறம் என்பதால் செவலை என்று பேர் வைத்தோம். அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்காருவேன். எனக்கு ஓட்டுகிற ஆசையே வந்ததில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, "மூணாவது போடுடா, திணறுது பாரு" என்று சொல்வேன். அவனும் மறுபேச்சு இல்லாமல் போடுவான். எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வான் அவன். கொஞ்சம் பதற்றக்காரன். சட்டை எடுப்பதற்குக்கூட நான் கூட வர வேண்டும்.

தங்கச்சியை அவனுக்குக் கட்டிவைத்தது நான்தான். வீட்டில் எல்லோரும் தயங்கியபோது அவனுக்காக வாதாடியவன் நான். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் செவலையில் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். நான் வாசலில் நின்று கையாட்டினேன். அவள் என் சீட்டில் உட்கார்ந்து, கால் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு சீட் வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இனி கேபிளுக்கு வருகிறேன். கிளட்ச் பெடலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கம்பிக் கயிறு போகிறது. மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. செவலையில் அது கால் வைக்கிற இடத்துத் தகரத்தைத் தாண்டும்போது வெடுக்கென்று வளைந்து, தகர விளிம்பில் உரசும். உரசி உரசி ஒவ்வோர் இழையாக அறும். ஒருநாள் பெடல் பொத்தென்று தரையோடு போய்விடும். வண்டி போட்ட கியரிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த ரகக் காருக்கு அது கூடப் பிறந்த வியாதி. கைவிரல் அகலத்துக்கு ஒரு தகட்டை வளைத்து அங்கே வைத்தால் தீர்ந்தது. அது எனக்கு முதலிலேயே தெரியும். சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறை அறுந்தது தானாக அறுந்ததுதான், சத்தியமாக. போன் வந்தது. "மச்சான், கேபிள் போச்சுடா. வாடா சீக்கிரம்." ஸ்கூட்டரில் பறந்து போனேன். செவலையின் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. மேட்டில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதனால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க நானே இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவற்றை வைத்துவிட்டு அடியில் போனேன். அவன் கதவைத் திறந்து, வலது காலை ரோட்டில் ஊன்றி, இடது காலை கிளட்ச் மேல் வைத்து, நான் பேசுவது கேட்கட்டும் என்று வெளியே சாய்ந்து உட்கார்ந்தான். நான் "மிதி" என்றால் மிதிப்பான். "விடு" என்றால் விடுவான். எங்களுக்குள் அது ஒரு பழக்கம்.

வேலை முடிந்ததும் தங்கச்சி, "இந்தத் தகரடப்பால என் இடுப்பே போச்சு. உன் ஸ்கூட்டர நான் எடுத்துக்கிறேண்ணே, நீங்க ரெண்டு பேரும் இதுல வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் என் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன். வழி முழுக்கப் பழைய கதை பேசிச் சிரித்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பிறகு அறுந்ததெல்லாம் தானாக அறுந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

பல் கம்பி நறுக்குகிற குறடு ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் நீளம்தான். சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். அவள் பரிமாற எடுத்து வைப்பதற்குள் செவலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போவேன். குனிந்து பார்க்காமல் கைத்தடவலாகவே சில இழைகளை நறுக்குவேன். எப்போதும் தகரம் உரசுகிற அதே இடத்தில். மிச்சத்தை மிதிக்கிற கால் பார்த்துக்கொள்ளும். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. வண்டி நிற்கும், போன் வரும், நான் போவேன். ஓர் உறவு தொடர வேண்டும் என்றால் யாராவது ஒருவர் முயற்சி எடுக்க வேண்டும் அல்லவா? நான் எடுத்தேன்.

இந்த வருஷம் போன் வருவது நின்றுபோனது.

நறுக்கிவிட்டு வந்தேன், வரவில்லை. மறுபடி நறுக்கினேன், அப்போதும் வரவில்லை. சந்தேகப்பட்டு ஒரு சனிக்கிழமை குனிந்து பார்த்தால், புத்தம்புதுக் கேபிள். அதன் நுனி பிரியாமல் இருக்க நீல நூலால் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. என் தங்கச்சி திரைச்சீலை தைக்கிறவள். அந்தச் சுற்று யார் கை என்று எனக்குத் தெரியாதா?

சாப்பாட்டு மேசையில் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"ஆமாண்ணே, நான்தான் மாட்டுறேன். நீ மாட்டுறத எத்தனை தடவ பாத்திருக்கேன்! உனக்கும் வேலை வெட்டி இருக்குல்ல, ஒவ்வொரு தடவையும் உன்ன எதுக்கு அலைய விடணும்?"

அவன் அதோடு விட்டிருக்கலாம். "உன்னவிட உன் தங்கச்சி கை வேகம்டா மச்சான். இனிமே உனக்கு ரிட்டயர்மென்ட்தான்" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டான்.

நானும் சிரித்தேன். கூடப் பிறந்தவளும் கூடவே திரிந்தவனும் சேர்ந்துகொண்டு, எனக்கென்று இருந்த ஒரே வேலையையும் என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிக்கொண்டார்கள். இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள் சார், மாற்றி எழுதிவிடலாம்.

மறுநாள் மலைமேல் அணைக்கட்டைப் பார்க்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். என்னிடம், "நீயும் ஸ்கூட்டர்ல பின்னாலயே வாயேண்ணே" என்றாள். பின்னாலேயே. நான் வேலை இருக்கிறது என்றேன். கிளம்பும்போது செவலையிடம் போய், இழைகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கினேன். மலையேற்றத்தில் ஓயாமல் கியர் மாற்ற வேண்டியிருக்கும், பாதி வழிகூடத் தாங்காது. சீட்டுக்குப் பின்னாலிருந்த இரண்டு கட்டைகளையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். என் வேலை மேசைக்கு அடியிலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்தது அவற்றைத்தான். நான் ஒளித்துவைக்கவில்லை. நான் செதுக்கியவை, என்னிடம் இருந்தன.

நான் யோசித்துத்தான் செய்தேன். கட்டை இல்லாமல், மேட்டில், புத்தியுள்ளவர் யாரும் காருக்கு அடியில் போகமாட்டார்கள். அப்போது என்னைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? காலையிலேயே குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். ஸ்கூட்டரைத் துடைத்தேன். பையில் ஒரு புதுக் கேபிள், கூடவே அந்தத் தகடு. ஆமாம், அன்றைக்கு அந்தத் தகட்டையும் வளைத்து வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொடுத்து, பழசையெல்லாம் மறந்து, இனி அறுக்கவே வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். அவர்கள் கூப்பிட்டிருந்தால் போதும். போனை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் கூப்பிடவில்லை. கேபிள் அறுந்திருக்கிறது. கட்டையைத் தேடியிருக்கிறார்கள், காணவில்லை. கியரில்தானே நிற்கிறது, ஒன்றும் ஆகாது என்று அவள் அடியில் போய்விட்டாள். அவன் எங்கள் வழக்கப்படியே ஒரு காலை ரோட்டில் ஊன்றி வெளியே சாய்ந்து உட்கார்ந்தான். பிரேக்கை மிதிக்கிற கால் ரோட்டில் இருந்தது. அவள் கேபிளை ஒழுங்காகத்தான் மாட்டியிருக்கிறாள். மாட்டிவிட்டு "மிதி" என்றிருக்கிறாள். வண்டியைப் பிடித்து வைத்திருந்ததே அந்தக் கியர் ஒன்றுதான். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அவன் மிதித்தான். வண்டி பின்னால் உருண்டது. முன்சக்கரம் அவள்மேல் ஏறி இறங்கி, போய் மண்மேட்டில் முட்டி நின்றது.

கட்டை இல்லை என்றதும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "மிதிக்காதேடா" என்று சொல்லியிருப்பேன். அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இது என்னை ஒதுக்கியதால் வந்தது.

வண்டி உருண்ட பிறகு எனக்கு வந்த அந்த போனைப் பற்றிக் கேட்டீர்கள். இத்தனை நேரம் நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை, அது எங்கள் இருவருக்குமான விஷயம் என்று நினைத்தேன்.

அவன்தான் பேசினான். "மச்சான்... வண்டி உருண்டுடுச்சுடா. அவ பேசுறாடா, கண்ணு முழிச்சுத்தான் இருக்கா. ஆம்புலன்ஸ கூப்பிடட்டுமாடா?"

மலையடிவாரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, தெரியும். அதன் வாசலைத் தாண்டித்தான் நான் ஸ்கூட்டரில் மேலே போனேன். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் உங்களிடம் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அத்தனை மாதம் கழித்து அவன் முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டிருந்தான். அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"வேணாம், நான் கிளம்பிட்டேன். வேற யாரையும் கூப்பிடாதே" என்று சொன்னேன்.

அவன் கூப்பிடவில்லை சார். நான் போய்ச் சேருகிறவரை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகத்தான் காத்திருந்தான்.