முருங்கைக்கு ஊத்தின தண்ணி

இராணுவச் சோதனை முடிந்து மூதூர் லோஞ்சுப் படகு திருகோணமலைக்குப் புறப்பட்டதும், எனக்கு முன்னாலிருந்த இரண்டு பெண்களில் மூத்தவள் கேட்டாள்:

"உங்கட முருங்கை ஏன் பிள்ளை மொட்டையாய் நிக்குது?"

"தண்ணி ஊத்தினதில செத்துப்போச்சு அக்கா."

"தண்ணி ஊத்தினா மரம் சாகுமோ?"

"பற்றரித் தண்ணி. இந்தச் சண்டைக்குள்ள மீன்வலையில பாரத்துக்குக் கட்ட ஈயம் எங்க கிடைக்குது? உருக்கி எடுக்க எண்டு என்ர மனிசன் பழைய லொறிப் பற்றரியை உடைச்சவர். உள்ள இருந்தது தண்ணிதானே எண்டு மரத்துக்கு ஊத்திட்டார்."

"அது அசிட்டெல்லோ!"

பக்கத்திலிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

"இப்ப அவருக்குப் புத்தி வந்திட்டுது அக்கா. ரெண்டாவது பற்றரியை மரத்தடியில ஊத்தேல்லை."

"பின்ன?"

"வேலிக்கு அங்கால."

"அடியே, அங்கால எங்கட கிணறெல்லோ!"

"ஓம் அக்கா. அதைச் சொல்லத்தான் உங்களுக்குப் பக்கத்தில இடம் பிடிச்சனான்."