பாட்டைக் கூட்டி விடுங்கோ

"அண்ணை, பாட்டை இன்னும் கூட்டி விடுங்கோ!"

மினிபஸ்ஸில் இப்படிக் கேட்டவரை நான் கண்டதில்லை. மருதனார்மடத்தில் ஏறிய இரு தோழிகள். ஆளுக்கொரு இயர்போன், இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. கேட்டவள் கண்ணாடி போட்டவள். சாரதி சிரித்தபடி கூட்டினார். அவள் தோழியிடம் சொன்னாள்:

"கோயில் திருவிழா தொடங்கினால் ஸ்பீக்கர் எங்கடை மதிலோடை. சோதினையும் வருது, வகுப்பு ஒன்லைனிலை. இந்தப் பஸ் பாட்டுக்குள்ளை சேர் கதைக்கிறது கேட்டால் அங்கையும் கேக்கும்."

"என்ரையைப் போட்டுப் பார்," என்று மற்றவள் தன் இயர்போனை நீட்டினாள்.

கண்ணாடிக்காரி அதை மாட்டிக்கொண்டு போனில் பழைய வகுப்பொன்றை ஓடவிட்டாள்.

"சேர் தெளிவாக் கதைக்கிறார். ஆனா காது நோகுதடி. என்ரையெண்டால் போட்டதே தெரியாது, ஆனா சேரோடை பாட்டும் வருது."

"உன்ரையிலை இருக்கிற மெத்தென்ற காது ரப்பரைக் கழட்டி என்ரையிலை மாட்டு."

முன்சீட்டு ஐயா திரும்பி முறைத்தார். சாரதி பாட்டைக் குறைத்தார்.

"ஐயோ அண்ணை, குறைக்காதேங்கோ! ரப்பர் மாத்தியாச்சு, இனித்தான் பாக்கப்போறன்!"