வெள்ளிக்கிழமை மெஸ்

குடிக்க உட்காருகிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும். நல்ல பாருக்கு முதல் தேவை அதுதான். சரக்கு, பாட்டு, தொட்டுக்கொள்ள வைப்பது எல்லாம் அதற்கு அப்புறம். நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால், எவ்வளவு உசத்தியான சரக்கை ஊற்றினாலும் அவன் அரைமணி நேரத்தில் எழுந்துவிடுவான்.

இதிலிருந்து தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும். அதிகாரி என்னிடம் காகிதத்தைக் கொடுத்து, உன் பாஷையிலேயே எழுது, ஆரம்பத்திலிருந்து எழுது என்றார். எனக்கு ஆரம்பம் இதுதான். இதை அரபியில் மாற்றப்போகிற ஜெய்னுலாப்தீன் பாய்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர் என்று பார்த்தாலே தெரிகிறது. சில இடங்கள் உங்களுக்கு முகம் சுளிக்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் எதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

என் பெயர் பாஸ்கர். வயது நாற்பத்திரண்டு. ஊர் திருச்சி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாரில் ஒன்பது வருஷம் சப்ளையராக இருந்தேன். பிறகு துபாயில் ஒரு ஹோட்டல் பப்பில் ஐந்து வருஷம். தொழிலைக் கற்றது அங்கேதான். வெளிச்சம் மேஜையில் விழலாம், ஆள் முகத்தில் விழக்கூடாது. கண்ணில் படுகிற இடத்தில் கடிகாரம் மாட்டக்கூடாது. தனியாக வருகிறவனிடம் நாமாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கக்கூடாது. அவனாகப் பேசினால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். போன வாரம் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். இதெல்லாம் எனக்கு இயல்பாகவே வந்தது.

துபாய் வேலை போனதும், இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கேட்டரிங் கம்பெனி விசாவில் குவைத்துக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் குற்றமாக இருக்கிற நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வருஷம் கேம்ப்பில் இருந்தேன். என் மனைவி ஜெயலட்சுமி நான் கூப்பிட்டால் போனை எடுப்பதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள். சூப்பர்வைசர் என்னை ‘ஏய் மெட்ராஸி’ என்பான். மற்றவர்கள் ‘பாய்’ என்பார்கள். அந்த இரண்டு வருஷத்தில் என் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் சம்பளத்துக்குக் கூப்பிட்ட கிளார்க்குகள்தான்.

அதனால்தான் மங்காஃபில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் ஃபிளாட் எடுத்தேன். வெளியே அது மெஸ். வெள்ளிக்கிழமை லீவு நாளில் நம் ஊர் ஆட்கள் வந்து மீன்குழம்பு சாப்பிடுகிற இடம். ஹாரிஸ், அதாவது கட்டடத்துக் காவல்காரன், அப்படித்தான் நம்பினான். உள்ளே நான் நான்கு சுவரோரமும் மெத்தை போட்டிருந்தேன். நடுவில் எதுவும் கிடையாது. ஜன்னல்களுக்கு அலுமினியத் தாள் ஒட்டியிருந்தேன். சரக்கு ஜிலீப் ஏரியாவிலிருந்து தண்ணீர் பாட்டிலில் வரும். ஒவ்வொரு முறையும் முதல் கிளாஸை நான் குடித்துப் பார்த்து, அரை நாள் கழித்துத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பேன். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள் பாய். சரக்கில் குற்றமில்லை என்று உங்கள் ஆய்வகமே சொல்லிவிட்டது.

வருகிறவர்கள் ஒருவர் இருவராக வர வேண்டும், அப்படியே போக வேண்டும். செல்போனை அறையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். எல்லோரும் வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்துக்கொள்வேன். யாரையும் எந்தக் கம்பெனி, விசா இருக்கிறதா, ஊரில் என்ன பிரச்சினை என்று கேட்கக்கூடாது. இவ்வளவுதான் சட்டம். ஒரு வருஷத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு பேர் வர ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்ததும் ‘என்ன பாஸ்கரண்ணே’ என்பார்கள். பதினான்கு முறை அதைக் கேட்பேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து தெரு காலியாக இருந்தது. வெளியே ஐம்பது டிகிரி வெயில். மணிமாறன் என்கிற பையன், ஃபஹாஹீலில் ஏசி மெக்கானிக், நன்றாகப் பாடுவான். அன்றைக்குப் பழைய பாட்டாக எடுத்து விட்டான். எல்லோரும் தொடையில் தாளம் போட்டார்கள். அந்த அறை அவ்வளவு நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் கூடி வருகிற நாள் என்று எந்தப் பாருக்கும் ஒன்று இரண்டு உண்டு. அது அப்படிப்பட்ட நாள்.

கார்மேகம் கடைசியாக வந்தார். ரிஃபைனரி சைட்டில் சாரம் கட்டுகிறவர். பரமக்குடிப் பக்கம். ஐம்பதை நெருங்கிய, கனத்த, அமைதியான மனிதர். எப்போதும் ஏசிக்குக் கீழே உட்காருவார். பக்கத்தில் அவருடைய ஊர்க்காரன் மாயாண்டி இருப்பான். மாயாண்டி கஃபீலை, அதாவது விசா கொடுத்த முதலாளியை, விட்டு ஓடி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. கையில் ஒரு காகிதமும் இல்லாதவன். போலீஸ் வண்டியைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவான். கார்மேகம்தான் அவனுக்குத் தன் அறையில் படுக்க இடம் கொடுத்திருந்தார்.

அன்று கார்மேகம் முதல் கிளாஸைப் பாதியில் கீழே வைத்தார்.

“பாஸ்கரு, நெஞ்சுக்குள்ள கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்குய்யா.”

“வாயுவா இருக்கும்ணே. வெயில்ல வந்திருக்கீங்க” என்றேன். எலுமிச்சையும் உப்பும் போட்டு சோடா கொடுத்தேன்.

அது வாயு இல்லை என்று எனக்குத் தெரியும். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சட்டை முழுக்க வியர்வை, ஆனால் தொட்டால் உடம்பு ஜில்லென்று இருந்தது. இடது கையை மடியில் வைத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். துபாய் பப்பில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி உட்கார்ந்தார். நான்தான் முதலில் கவனித்தேன். ஆஸ்பிரின் மாத்திரையை மென்று தின்னக் கொடுத்தேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பிழைத்துவிட்டார். ஹோட்டலில் எனக்குச் சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

ஆனால் மறுநாள் அந்த பப்புக்கு வழக்கமான ஆட்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவர் ஸ்ட்ரெச்சரில் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்காலிகளில் உட்காரப் பிடிக்கவில்லை. மூன்று மாதத்தில் இடத்தை மூடி, பீட்சா கடைக்குக் கொடுத்தார்கள். எனக்கு வேலை போயிற்று. ஒரு மனிதரைப் பிழைக்கவைத்து ஒரு நல்ல இடத்தைக் கொன்றுவிட்டேன் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அது தப்பான எண்ணம் என்று சொல்ல முடியவில்லை.

கார்மேகம் எழுந்தார். “கதவத் திற தம்பி. கொஞ்சம் வெளியில நிக்கிறேன்.”

“வெளியில நெருப்பா கொட்டுது. ஏசிலயே இருங்க” என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். அவரிடம் எதிர்க்கிற பலம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார், மறுபடி உட்காரவைத்தேன். மூன்றாவது முறை எழுந்திருக்கவில்லை. “கதவு” என்று மட்டும் சொன்னார். சுவரில் தலையைச் சாய்த்துவைத்து, ஈரத்துண்டை முகத்தில் போட்டேன். பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரி இருந்தது. மணிமாறனை இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னேன். பாடினான்.

மாயாண்டிதான் துண்டை எடுத்துப் பார்த்தான்.

“அண்ணே, இது வாயு இல்ல. உதட்டப் பாருங்க, நீலம் பாரிச்சுக் கெடக்கு. சாவியக் குடுங்க, டாக்சில தூக்கிப் போட்டுட்டுப் போறேன்.”

“நீயா? ஆஸ்பத்திரி வாசல்ல போலீஸ் உக்காந்திருப்பான். பத்தாக்கா கேப்பான். உன்கிட்ட எந்த அடையாள அட்டை இருக்கு?”

“புடிச்சா புடிக்கட்டும்ணே. ஏத்தி ஊருக்கு அனுப்பட்டும். இவரு போயிட்டா நான் கருப்பாயி அக்கா மொகத்துல எப்படி முழிப்பேன்?”

கருப்பாயி என்பது கார்மேகத்தின் மனைவி. மாயாண்டி என் காலைப் பிடித்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு நின்றுபோயிற்று. நான் அவனைத் தூக்கி நிறுத்தி நிதானமாக விளக்கினேன். இங்கே என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். நான்கு பேருக்கு விசா இல்லை. வாயில் வாடையோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் உள்ளே போவோம், அப்புறம் நாடு கடத்துவார்கள். எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்று யோசி. நான் எல்லோருக்காகவும் யோசிக்க வேண்டியவன்.

முதல் வாக்குமூலத்தில் இதோடு நிறுத்தினேன். மற்றவர்களைக் காப்பாற்றத்தான் கதவைத் திறக்கவில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் மாயாண்டி வேறு ஒன்றையும் சொல்லியிருக்கிறான் என்று அதிகாரி நேற்றுப் படித்துக் காட்டினார். அதற்கு நான் பதில் எழுத வேண்டும்.

மாயாண்டி சொன்னது உண்மை. நான் விளக்கி முடித்ததும் மணிமாறன் எழுந்தான். பாடும்போது இருக்கிற குரல் இல்லை அது.

“அண்ணே, நாங்க ரெண்டு ரெண்டு பேரா கெளம்பிடறோம். பத்தே நிமிஷம். பாட்டிலயெல்லாம் சிங்க்ல ஊத்திக் கழுவிருவோம். நீங்க ஆம்புலன்ஸ கூப்பிட்டு, மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தவர் மயங்கிட்டாருன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

சரியான யோசனை. எனக்கே அது முன்பே தோன்றியிருந்தது. எல்லோரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் குனிந்து செருப்பு மாட்டுவதைப் பார்த்தபோது, இவர்கள் இனி வரமாட்டார்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. துபாயில் பார்த்ததுதானே. அடுத்த வெள்ளிக்கிழமை நான் மீன்குழம்பு வைத்துக்கொண்டு நான்கு சுவரையும் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

“இருங்க. முதல்ல போன் போட்டுடறேன்” என்றேன். செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எண்ணை அழுத்தவில்லை. காதில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரபியில், மங்காஃப், முதல் மாடி, ஆள் மயக்கம், யல்லா சீக்கிரம் என்று சத்தமாகச் சொன்னேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. திரும்பி வந்து, “இருபது நிமிஷத்துல வருது. கீழ ஹாரிஸ் நிக்கிறான், கூட்டமா இறங்குனா சந்தேகப்படுவான். அவங்க வர்ற வரைக்கும் அமைதியா இருங்க” என்றேன்.

நம்பினார்கள். உட்கார்ந்தார்கள். கேட்டவர்களுக்கு நான் ஊற்றிக் கொடுத்தேன். மாயாண்டி கார்மேகத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். “இந்தா வந்துரும் மாமா, இந்தா வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மணிமாறன் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டான். யாரோ கந்தசஷ்டி சொன்னார். இன்னொருவர் அழுதார். எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். என் இத்தனை வருஷத் தொழிலில் மனிதர்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இருபது நிமிஷம் ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை கேட்டார்கள். டிராஃபிக் என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மங்காஃபில் டிராஃபிக் கிடையாது. பயந்திருக்கிறவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை. மாயாண்டி மட்டும் யோசித்தான். தரையில் நான் வைத்திருந்த செல்போனை எடுத்து, கடைசியாகக் கூப்பிட்ட எண் எது என்று பார்த்தான். முந்தின நாள் மீன்காரனைக் கூப்பிட்டது இருந்தது.

அவன் என்னை அடிக்கவில்லை. மாமாவின் தலையை மெதுவாக மெத்தையில் இறக்கிவைத்தான். சமையலறைக்குப் போனான். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. முதல் மாடியிலிருந்து பின்பக்க மணலில் குதித்திருக்கிறான். குதிகால் உடைந்துவிட்டது. அப்படியே இழுத்து இழுத்து ரோட்டுக்குப் போய், வந்துகொண்டிருந்த போலீஸ் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். ஐந்து வருஷம் ஒளிந்திருந்தவன்.

அவர்கள் கூப்பிட்டதும் ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷத்தில் வந்தது என்று அதிகாரி சொன்னார். கார்மேகம் அதற்கு அரைமணி நேரம் முன்பு இறந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியானால், நான் போனில் பேசுகிற மாதிரி நடித்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். நான் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். இதை ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன்.

மாயாண்டி இப்போது காவலோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார்கள். அவன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவன் சுபாவம் அப்படி, எந்த இடத்திலும் நிலைக்காதவன்.

ஒன்றை மட்டும் பதிவு செய்யுங்கள் பாய். அவன் குதித்த பிறகு மற்ற பன்னிரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை என்பதும் தெரியும், கார்மேகம் போய்விட்டார் என்பதும் தெரியும். கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள், அது இயல்புதான். ஆனால் போலீஸ் வந்து கதவை உடைக்கும்வரை அவர்களில் ஒருவர்கூட என்னை விட்டுப் போகவில்லை.