நானூறு காட்டின வீடு

— இங்க நெட்டு ஸ்பீடு எத்தனை காட்டுது?

— பதினொண்ணு.

— இரு, வண்டிய இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தறேன். அந்தப் பருத்திக்காட்டு முனையில நல்லா எடுக்கும்.

— இதையேதான் தண்ணித் தொட்டிகிட்ட சொன்னீங்க. அதுக்கு முன்னாடி மக்காச்சோளக் காட்டுலயும் சொன்னீங்க. சக்கரத்துல அப்பியிருக்கிற கரிசமண்ணப் பாருங்க. வண்டியே நம்மளவிட களைச்சுப்போயிருச்சு.

— ஏறு புவனா. பாத்துக்கலாம்.

— எங்கேருந்து பாத்துக்கறது? நாளைக்குக் காலையில ஆபீஸ்லேருந்து போன் வரும். வூட்டு நெட்டு சரியாயிருச்சுன்னு சொல்லணும், இல்லன்னா சென்னைக்கே வந்து உக்காந்து வேலை பாக்கறேன்னு சொல்லணும். ரெண்டும் முடியலன்னா வேற ஆளு பாத்துக்கறோம்னு அவங்களே சொல்லிட்டாங்க.

— அம்பது இருந்தா போதும்னாங்கல்ல?

— அம்பது. அதுவும் பகல் பூரா விடாம.

— அடுத்த மாசம் இன்னொரு டவர் போடறாங்களாம். எங்க சிம் கம்பெனி மேனேஜர் வைத்திலிங்கம் சாரே சொன்னாரு.

— தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது சார். எங்கள் தொழில்நுட்பக் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும். தங்கள் பொறுமைக்கு நன்றி.

— கிண்டலா?

— கிண்டல் இல்லீங்க. ரெண்டு வருசமா என் சோறே இதுதான. நெட்டு வரலன்னு கோவமா கூப்புடறவங்களுக்கு, நெட்டு வராத மொட்டமாடியில குந்திக்கிட்டுப் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். முந்தாநாள் ஒரு அம்மா பேசுனாங்க, கோயம்புத்தூர் பக்கம். என் குரல் உடைஞ்சு உடைஞ்சு போவுது அவங்களுக்கு. "ஏங்கண்ணு, உனக்கே வர்றதில்லையாட்ட இருக்குது, எனக்கு என்னத்தைச் சரி பண்ணுவே"ன்னு கேட்டுட்டு, பாவம், வேற ஒண்ணும் சொல்லாம வச்சிட்டாங்க.

— அப்ப மெயின் ரோட்டுக்கே போயிருவமா? அங்க ஸ்பீடு வரும்.

— வரும். சிமெண்ட் லாரியும் வரும். போன வாரம் அங்கதான உக்காந்திருந்தேன். அரியலூர்லேருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு இரைஞ்சுக்கிட்டுப் போவுது. "மேடம், நீங்க ஆபீஸ்லதான இருக்கீங்க"ன்னு ஒருத்தரு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— ஆபீஸ்ல கட்டட வேலை நடக்குதுன்னேன்.

— சிரிக்கறியே.

— அழுதா பதினொண்ணு பன்னெண்டாவுமா?

— சரி, இந்த வேப்பமரத்து நெழல்ல உக்காரு. தண்ணி குடி. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாப்போம்.

— சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு கதை சொல்லட்டா?

— கதையா?

— குரும்பலூர்ல ஒரு பொண்ணு இருந்தா. வூட்டுலேருந்தே கம்ப்யூட்டர்ல வேலை. சித்திரை மாசம் அவங்கப்பா இராமலிங்கம் ஒரு வேன் பேசி, சொந்தபந்தத்தையெல்லாம் ஏத்திக்கிட்டு மாப்பிள்ளை வூடு பாக்கக் கிளம்புனாரு. பொண்ணு அதுக்கெல்லாம் போற வழக்கம் கிடையாது. இவ நானும் வந்து நெட்டு பாப்பேன்னு மாப்பிள்ளை வூட்டுக்கே மொதல்ல சொல்லி அனுப்பிட்டு, மொத ஆளா வேன்ல ஏறிக்கிட்டா. பெரியம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அங்க உக்காந்து வேலை பாக்கப்போறது நான், நெட்டு வருதான்னு நீங்களா பாப்பீங்கன்னு கேட்டா.

— ம்.

— அங்க போனா, அப்பா கெணத்தை எட்டிப் பாக்கறாரு. சித்தப்பா சுவத்தைத் தட்டிப் பாக்கறாரு. பெரியம்மா அடுப்படிக்குப் போயி மாமியாக்காரி பேச்சு எப்படின்னு பாக்கறாங்க. இவ மாப்பிள்ளையோட புது ஃபைவ் ஜி ஃபோனை வாங்கிக்கிட்டு ரூமு ரூமா நடக்கறா. கூடத்துல நானூறு. அடுப்படியில நானூறு. மாட்டுக் கொட்டாயில நின்னாக்கூட முந்நூறுக்குக் கொறையல. மாப்பிள்ளை பின்னாடியே வர்றாரு, கையில பவர் பேங்கோட. எங்க நடுவுல ஃபோன் அணைஞ்சிடுமோன்னு அவருக்கு வேர்த்துக் கொட்டுது.

— எங்கம்மாகூட பயந்துருச்சு. பொண்ணுக்குக் காத்துக் கருப்பு எதும் தெரியுதா, மூலை மூலையா நின்னு பாக்குதேன்னு என்னைத் தனியா கூப்புட்டுக் கேட்டுச்சு.

— அத்தை அதை எங்கிட்டயும் சொல்லியாச்சு. கேளுங்க. திரும்பி வர்றப்ப வேன்ல ஆளுக்கொரு கொறை. கெணத்துல தண்ணி பாதாளத்துல கெடக்குன்னாரு ஒருத்தரு. பஸ்ஸே வராத ஊருன்னாங்க. பையன் குன்னம் பஸ்ஸ்டாண்டுல குடை போட்டு சிம் விக்கறவன்தானன்னாங்க. அதுக்கு மொத வாரந்தான் இவளும் கூடப்போயி அரியலூர்ல ஒரு வூடு பாத்துட்டு வந்திருந்தாங்க. மாடி வூடு, பையனுக்கு ஆலையில உத்தியோகம். அப்பா மனசு அங்கதான் இருந்துச்சு. இவ ஜன்னலோரம் உக்காந்து ஒரே வார்த்தைதான் சொன்னா. நானூறு வருதுப்பா, என் வேலைக்கு இந்த வூடுதான்னு. வைகாசியில கல்யாணம். புரட்டாசி முடியறதுக்குள்ள பதினொண்ணு.

— மழையா இருக்கும். இல்ல, டவர்லயே ஏதோ கோளாறு.

— நேத்து நீங்க இல்லாதப்ப எதுத்த வூட்டுத் தங்கராசு அண்ணன் வந்தாரு. படம் சுத்திக்கிட்டே நிக்குதுன்னு ஃபோனைத் தூக்கிக்கிட்டு.

— அவருக்கு வேற வேலை என்ன. என்னவாம்?

— உங்களைத்தான் திட்டித் தீத்தாரு. அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் சிம் போட்டானாம். குன்னத்துல வந்தவன் போனவனுக்கெல்லாம் போட்டானாம். சொந்த ஊர்க்காரன் கேட்டா மட்டும், இருண்ணே, கல்யாணம் முடியட்டும்னு அலையவிட்டானாம். தாலி கட்டி மஞ்சள் காயறதுக்குள்ள வூடு வூடா தானே வந்து போட்டானாம். இதுக்கா இத்தனை நாள் காத்துக்கெடந்தோம்னு எங்கிட்ட கேக்கறாரு.

— கல்யாண வேலை தலைக்கு மேல கெடந்துச்சுல்ல. நேரம் எங்க இருந்துச்சு?

— அந்தக் கல்யாண வேலையிலதான் வெளியூர்ல எல்லாரையும்விட அதிகமா வித்து மிக்சி பரிசு வாங்கிட்டு வந்தீங்க. அடுப்படியில இருக்கு. என்னங்க, சிக்னல் போயிருச்சா?

— புவனா.

— சொல்லுங்க.

— அப்ப ஊருக்கு டவர் வந்த புதுசு, அந்த சிம்மு என் ஒருத்தன்கிட்டதான் இருந்துச்சு. ஒரே ஆளுன்னா பறக்கும். கூட்டம் சேந்தா படுத்துரும். நீ வந்து பாக்கப்போறேன்னு தெரிஞ்சதும் யாருக்கும் போடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீ பாத்தது பொய் இல்ல. ஆனா அது ஊரோட ஸ்பீடும் இல்ல.

— அப்பறமும் போடாமலே இருந்திருக்கலாமே.

— எத்தனை நாளைக்கு ஊரை மறிச்சுக்கிட்டு நிக்கறது? தங்கராசு அண்ணன் மவ பரீட்சைக்குப் படிக்கணும்னு வாசல்ல வந்து நின்னுச்சு. நம்ம ஒரு வூட்டுக்கு நெட்டு ஓடணும்னு அந்தப் புள்ளைய எப்படி இல்லைன்னு அனுப்பறது? அனுப்ப முடியல. அதுக்குப் போட்டேன், மத்தவங்க வந்துட்டாங்க.

— ம்.

— நாளைக்கு உங்கப்பாவ நானே போயிப் பாக்கறேன். தெரிஞ்சேதான் பண்ணேன்னு சொல்லிடறேன். நீ சென்னைக்குப் போ. என்னால உன் வேலை போவக்கூடாது.

— உக்காருங்க. எங்கப்பாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

— இல்ல புவனா, ஏமாத்தி...

— புது டவர் வந்த ஊர்லேருந்து மொத ரெண்டு மாசம் ஒரு ஆளும் எங்களைக் கூப்புடறதில்ல. அப்பறம் ஊரே கூப்புடும். ரெண்டு வருசமா அந்தப் போனையெல்லாம் எடுக்கறவ நான். நானூறு நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் மெதுவா இறங்கும், ஒரு வருசமாச்சும் தள்ளிடலாம்னு நெனச்சேன். இவ்ளோ வேகமா வரும்னு நெனைக்கல. வேலை போவுதேன்னு வலிக்கத்தான் செய்யுது. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

— தெரிஞ்சுமா சரின்ன?

— அரியலூர் வூட்டுல எவ்வளவு வந்துச்சுன்னு வேன்ல அப்பா கேட்டாரு. அங்க ஒண்ணுமே வரலப்பான்னு சொல்லிட்டேன். அந்த வூட்டுல நான் ஃபோனைப் பையிலேருந்து வெளிய எடுக்கவே இல்ல.