கிண்ணமும் நகப்பூச்சும்

மனித குலத்துக்கு நான் ஒரு புது வடிவத்தைத் தந்தேன். கிண்ணம். மனித குலத்திடம் ஏற்கெனவே நிறையக் கிண்ணங்கள் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை, ஐயா.

என் கிண்ணம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சில பாலிமர்களை லேசான உப்புத் தண்ணீரில் கலந்தால் அவை தாமாகக் கூடிச் சவ்வாகி, குட்டி உருண்டைப் பைகளாகிவிடும். என்னுடையவை மட்டும் மைக்ராஸ்கோப்பின் கீழ் அழகாகக் குழிந்து நின்றன. அது என் பாலிமரின் பிறவிக் குணம் என்று எழுதினேன். வடிவத்துக்கு என் பெயரையே வைத்தேன். வேறு யாரும் முன்வரவில்லை. திங்கட்கிழமை பதக்கம் என்று முடிவானது.

என் தங்கையின் கணவரும் அதே ஆய்வகத்தில்தான் இருந்தார். வேலை வாங்கிக் கொடுத்ததே நான். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். கரைசலில் ஒரு துளியை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்ததும், ஓரம் முழுக்க என் தங்கையின் சிவப்பு நகப்பூச்சைப் பூசி அடைப்பார். நான் அதைத் தொட்டதில்லை. விஞ்ஞானத்துக்கென்று ஒரு கௌரவம் வேண்டாமா?

வெள்ளிக்கிழமை மற்றவர்கள் கிளம்பிய பிறகு என் மேசைக்கு வந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. ஓரத்தை அடைக்காததால உங்க துளி காயுது. காயக் காய வெளியில உப்பு ஏறுது, பைக்குள்ள இருக்குற தண்ணி வெளிய ஓடிடுது. காத்துப்போன பந்து மாதிரி ஒடுங்குது. அவ்ளோதான் உங்க கிண்ணம்."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா மாப்ளே?"

"சேச்சே. அடைச்சுப் பாருங்க. நீங்களே மேடையில திருத்திச் சொல்லிட்டா குடும்பத்துக்கும் மரியாதை."

பாசக்காரர். அதில் சந்தேகமே இல்லை.

ஆய்வகத்தின் உறைகுளிர் அறையிலிருந்து என் பாலிமரை எடுத்து வரச் சொன்னேன். நகப்பூச்சை என் மேசையில் வைத்துவிட்டு, போட்டிருந்த மெல்லிய சட்டையோடு போனார். அந்தக் கதவின் உள்கைப்பிடி உடைந்து வெகுநாளாகிறது. நிர்வாகத்தின் அலட்சியத்தை நீங்கள் தனியாக விசாரிக்க வேண்டும். அதனால் எப்போதும் ஒரு முக்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். முக்காலியை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

எனக்குப் பொறாமை என்கிறார்கள். பொறாமைக்காரன் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பானா? நான் பார்த்தேன். மேசையில் மிச்சமிருந்த கரைசலில் ஒரு துளி எடுத்து வைத்து, ஓரத்தில் நகப்பூச்சு பூசிக் காத்திருந்தேன். உருண்டை. இன்னும் காத்திருந்தேன். உருண்டையேதான்.

அப்போதும் அவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் மேசை அதிர்ந்து படம் கலங்கியது. பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் தங்கை அழைத்தாள். "மாப்பிள்ளை எங்கயாவது வெளியூர் போயிருப்பார்மா" என்று ஆறுதல் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்து உடலை எடுத்தார்கள். மாலையில் பதக்கத்தை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தேன். கிண்ணத்தைப் பற்றியும் பேசினேன். துக்க நாளில் திருத்தம் சொல்வது நாகரிகமில்லை.

பதக்கத்தோடு நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனேன். என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதவள், சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

எனக்கு நகப்பூச்சு பூசிப் பழக்கமில்லை, ஐயா. அவளுடைய அதே சிவப்பு இரண்டு விரல்களில் பட்டிருந்தது.